காபி வந்தால் வண்டி தயார்

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் வேதவல்லியின் டிபன் கடைக்கு வருகிறவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு வழக்கம் பிடிபட்டிருந்தது. காபி வந்துவிட்டால் வண்டி தயாராகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னால் எத்தனை தடவை கேட்டாலும் காபி வராது. டிகாஷன் இறங்குகிறது என்பாள் வேதவல்லி. இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்பாள். தட்டில் சட்னி தீர்ந்தால் சட்னி வைப்பாள். வெளியே நிற்கும் வேனின் கண்ணாடியில் மஞ்சள் துணி ஒன்று தொங்கினால்தான் டபராவில் கை வைப்பாள்.

துணியைத் தொங்கவிடுகிறவன் தண்டபாணி. உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரன். ஜீடிமெட்லாவில் கம்பெனிகளுக்குப் பஸ் விடும் ஒரு கான்டிராக்டரிடம் மெக்கானிக்காக வந்தான். கான்டிராக்ட் கைமாறியபோது வேலை போயிற்று. ஊர் திரும்பிப் போய் நிற்க வெட்கப்பட்டு, பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றி, அங்கே ஆயில் வாளிகளையும் ஸ்பேனர் தட்டுகளையும் காற்றடிக்கும் பம்பையும் ஏற்றிக்கொண்டான். இருந்த இடத்துக்கே வந்து வண்டியைச் சரிபார்க்கிற தொழில். ஆனால் வேன் நிற்க ஓர் இடம் வேண்டுமே. மருந்துக்கடை வாசலில் கேட்டான், அரிசி மண்டியில் கேட்டான். எல்லோரும் மாத வாடகையும் முன்பணமும் கேட்டார்கள்.

வேதவல்லி ஒருத்திதான் வேறு மாதிரி கேட்டாள். வேலை வராத மாதத்தில் வாடகைக்கு எங்கே போவாய் என்றாள்.

"சாப்பிட வர்றவங்க வண்டியெல்லாம் வாசல்லதான் நிக்குது. அவங்க சாப்பிடற நேரத்துல நீ பாத்துக் குடு. லாபம் வந்தா பத்துல ரெண்டு எங்களுக்கு. வரலேன்னா ஒண்ணும் வேணாம். தண்ணி குழாயில இருக்கு, பிடிச்சுக்க" என்றாள்.

கல்லில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் நாராயணஸ்வாமி, வாடகையாக வாங்கினால் நிச்சயமான காசு அல்லவா என்று முணுமுணுத்தார். அவருடைய அப்பா ரயில்வேயில் வேலை கிடைத்து மாயவரத்திலிருந்து செகந்திராபாத் வந்தவர். இரண்டு தலைமுறையாகியும் வீட்டில் மாயவரத்துப் பேச்சு போகவில்லை. ஆமாம் என்பதற்கு ஊர்க்காரர்கள் சொல்லும் ஹவ்வும் வேண்டாம் என்பதற்குச் சொல்லும் நக்கோவும் அதோடு ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். கடைக்கும் அந்த ஊர் அம்மன் பெயர்தான், அபயாம்பாள் டிபன். தேங்காய்ச் சட்னி தமிழ்க்காரர்களுக்கு, வேர்க்கடலைச் சட்னி மற்றவர்களுக்கு என்று இரண்டும் தினம் அரைபடும்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு தண்டபாணி கை கால் கழுவிக்கொண்டு வந்து, பங்குப் பணத்தை அம்மன் படத்தின் முன் தாம்பாளத்தில் வைப்பான். முதலில் கொஞ்சமாக வந்தது. பிறகு கூடிற்று. மழையில் ஒழுகிக்கொண்டிருந்த சமையல்கட்டுக் கூரைக்குத் தார்ப்பூச்சு பூச முடிந்தது. புதிதாக இரண்டு மேஜை வந்தது. வாடகையே நல்லது என்று சொன்ன நாராயணஸ்வாமி இப்போது தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, உங்கள் வண்டியில் பிரேக் கீச்சென்று கேட்டதே, பார்த்துவிடக் கூடாதா என்று வாடிக்கையாளர்களிடம் கேட்க ஆரம்பித்தார். சாப்பிட்டு முடிப்பதற்குள் வண்டி தயார் என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை எழுதி மாட்டினார். வேதவல்லிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று அவள் வாய்விட்டுச் சொல்லவுமில்லை. பெருகுகிற காசு மனிதர்களை இப்படித்தான் சத்தமில்லாமல் பழக்கிக்கொள்கிறது. கெட்ட காரியம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் தட்டில் இருக்க வேண்டிய கண் கொஞ்சம் கொஞ்சமாக வாசலுக்குப் போனது.

தெலுங்கர்களின் ஆஷாட மாதத்துச் சனிக்கிழமை அது. விடிந்ததிலிருந்து தூறல். மழை நாளில் கூட்டம் அதிகம், மெதுவாகவும் சாப்பிடுவார்கள். மெட்டுகுடாவிலிருந்து வழக்கமாக வரும் ஆண்டனி சுவரோர மேஜையில் பெசரட்டு தோசையைப் பிய்த்துக்கொண்டு மணி பார்த்தபடி இருந்தான். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பகுதியில் கான்டிராக்ட் வேலை. எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பிந்தினால் அரை நாள் சம்பளம் போய்விடும். மழை வலுப்பதற்கு முன்னால் ஸ்கூட்டரின் முன்பிரேக்கைப் பார்த்துவிட வேண்டும் என்று அவன் மனைவி ஜெஸ்ஸி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதற்காகவே சீக்கிரம் வந்திருந்தான்.

வேதவல்லி எட்டிப் பார்த்தாள். ஆண்டனியின் ஸ்கூட்டர் தன் இரண்டு சக்கரத்திலும் முழுசாக நின்றது. தண்டபாணி பக்கத்தில் இல்லை. வேனின் கண்ணாடியில் துணி இல்லை. ஆனால் அவன் அந்த முன்சக்கரத்தைத் தூக்கி மாட்டியதைச் சற்று முன்புதான் அவளே பார்த்தாள். இனிமேல் துணி தொங்குவது ஒரு நிமிஷ வேலை. பாவம், இந்தப் பிள்ளை எத்தனை தரம்தான் மணி பார்ப்பான் என்று மனம் இளகிற்று. இளகிய மனத்தோடு டிகாஷனில் பால் ஊற்றி, சர்க்கரை ஒரு சிட்டிகை தூக்கலாகவே போட்டு, ஆண்டனியின் முன் கொண்டுபோய் வைத்தாள்.

ஆண்டனி நின்றபடியே ஆற்றிக் குடித்தான். டிபனுக்கும் பிரேக்குக்கும் சேர்த்துக் கல்லாவில் பணம் கொடுத்தான். சாவி வண்டியிலேயே இருந்தது. காபி வந்த பிறகு யாரும் வண்டியைக் குனிந்து பார்ப்பதில்லை. அவனும் பார்க்கவில்லை.

தெருமுனையில் பேட்டரி செத்துப்போய்க் குறுக்கே நின்ற ஒரு காரைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு, தோளில் ஒயரோடு தண்டபாணி திரும்பி வந்தான். ஸ்கூட்டர் நின்ற இடத்தைப் பார்த்தான். உள்ளே வந்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, ஆண்டனி சாரு எங்கீங்க?"

"கெளம்பிட்டாரே. ஏன்?"

"முன்சக்கரத்து அச்சுல நட்டு வெறுங்கையிலதானுங்க திருகி வெச்சிருந்தேன். ஸ்பேனர் போடலீங்க. கார்க்காரன் ஆரன அடிச்சுட்டே இருந்தானுங்க, அதைய முடிச்சுட்டு வந்து இறுக்கலாம்னு போனனுங்க." குரல் இறங்கிற்று. "துணி போடலீங்களேக்கா நான்."

வேதவல்லியின் கையிலிருந்த கரண்டி சாம்பார் வாளிக்குள் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

ஆண்டனியின் நம்பர் தண்டபாணியின் போனில் இருந்தது. மணி அடித்துக்கொண்டே போனது, எடுக்கவில்லை. ஓட்டுகிறவன் எப்படி எடுப்பான். அவன் எந்த வழியாகப் போவான் என்பது வேதவல்லிக்குத் தெரியும். தாட்பண்ட் வழியாகத்தான் போவேன், அங்கே அனுமார் கோவில் கூட்டம் சனிக்கிழமை வழியை மறிக்கும் என்று இப்போதுதானே சொன்னான். நாராயணஸ்வாமியின் பழைய ஸ்கூட்டரைத் தண்டபாணி உதைத்துக் கிளப்பினான். வேதவல்லி மாவுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். அவள் கடையை நடுக்கூட்டத்தில் விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. எங்கே போகிறாய் என்று தோசைக்கல் பக்கத்திலிருந்து நாராயணஸ்வாமி கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல நேரமில்லை.

தூறல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. எதிரே தெரிந்த ஒவ்வொரு சாம்பல் நிற ஸ்கூட்டரையும் அவள் அவனாக நினைத்தாள். பள்ளங்களில் செம்மண் தண்ணீர் நிறைந்து, ஆழம் தெரியாமல் பளபளத்தது. அம்மா அபயாம்பா, அவன் காலை ஊன்றி நிற்கும்படி எதையாவது குறுக்கே விடு, ஒரு ஆட்டையாவது குறுக்கே விடு என்று அவள் வேண்டிக்கொண்டே வந்தாள்.

"எவ்வளவு தூரம் தாங்கும் தம்பி?"

"சொல்ல முடியாதுங்க்கா. சில சமயம் ஊரு வரைக்கும் தாங்கும். ஒரு குழில எறங்கி ஏறுச்சுன்னா போச்சுங்க."

தாட்பண்ட் தாண்டி ஓர் இடத்தில் கூட்டம் நின்றது. பூக்கடைக்காரி ஒருத்தி யாருக்கோ தலைக்கு மேல் கித்தானைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஆண்டனி உட்கார்ந்திருந்தான். வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டிருந்தான். முழங்காலில் பேன்ட் கிழிந்து ரத்தம் மழையில் கரைந்து ஓடியது. உயிரோடு, கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். வேதவல்லி ஸ்கூட்டர் நிற்பதற்குள் இறங்கி அவனிடம் ஓடினாள்.

"எங்க டிபன் கடை அக்கா" என்று ஆண்டனி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். வலியிலும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நான் யாருக்கும் போன்கூடப் பண்ணலை. எப்படித்தான் தெரிஞ்சுதோ, வந்துட்டாங்க பாருங்க."

பள்ளத்தில் விழுந்து முன்சக்கரம் கோணிக்கொண்டது என்றார்கள் சுற்றி நின்றவர்கள். இந்தப் பள்ளத்தில் போன வாரமும் ஒருவன் விழுந்தான் என்றார்கள். எல்லோரும் பள்ளத்தைத் திட்டினார்கள். தண்டபாணி கவிழ்ந்து கிடந்த ஸ்கூட்டரின் அருகே குனிந்தான். அச்சின் முனையில் நட்டு இல்லை. அவன் நிமிர்ந்து வேதவல்லியைப் பார்த்தான்.

பக்கத்திலிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது என்று கட்டுப் போட்டார்கள். ஓட்டமும் நடையுமாக வந்த ஜெஸ்ஸி, கணவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேதவல்லியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கர்த்தர்தான் உங்களை அனுப்பினார் அக்கா என்றாள். வேதவல்லி கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், விட்டுவைக்கவும் முடியாமல் நின்றாள். சொல்ல வாயைத் திறந்தாள். நர்ஸ் வந்து மருந்துச் சீட்டை நீட்டினாள். அந்தச் சமயம் போய்விட்டது.

மத்தியானம் கடை ஓய்ந்ததும் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஊறவைத்த உளுந்து கிரைண்டரில் ஓடிக்கொண்டிருந்தது. தண்டபாணி தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வேனில் வைத்துவிட்டு வந்திருந்தான். இன்று சாயங்காலத்தோடு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நாராயணஸ்வாமி நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"பள்ளத்துல விழுந்தேன்னு அவனே சொல்றான். ஊரே சொல்லுது. நாம எதுக்கு இப்ப நடுவுல போவணும்?"

"பள்ளத்துல தெனம் நூறு பேரு எறங்கி ஏறறாங்க. யாரோட சக்கரமும் கோணலையே."

"ஹவ், தெரியும். வெளில தெரிஞ்சா என்னாவும்னு யோசிச்சியா? வண்டிய இங்க விடமாட்டாங்க. சாப்பிடவும் வரமாட்டாங்க. நக்கோ வேதா. ஆஸ்பத்திரிச் செலவ நாமளே குடுத்துடுவோம், சும்மா ஒரு ஒதவியா. அவனுக்கும் நல்லது."

"ஒதவின்னு சொல்லிக் குடுத்தா அவ மறுபடி என் கையைக் கண்ணுல ஒத்திப்பா. என்னால அதைத் தாங்க முடியாது."

தண்டபாணி தரையைப் பார்த்தபடி சொன்னான். "நானே போயிச் சொல்லிக்கறனுங்க்கா. நட்டு என்னோட வேலைங்க. காபி சமாச்சாரம் சொல்ல வேண்டாங்க. கடை பேரு எதுக்குங்க இதுல."

"பாரு, அவனே சொல்றான்" என்றார் நாராயணஸ்வாமி. பிறகு, சிரிப்பில்லாத ஒரு வேடிக்கையாக, "நம்ம பங்கு பத்துல ரெண்டுதானே. தப்புலயும் அவ்வளவுதான் நம்மளது" என்றார்.

"எலும்பு பத்துல ரெண்டாவா ஒடஞ்சுது?"

அவர் எழுந்து கிரைண்டரை நிறுத்தினார்.

"வெள்ளிக்கெழம தாம்பாளத்துல வச்சப்ப எடுத்துக்கிட்டேன்ல" என்றாள் வேதவல்லி. "அப்ப எந்த ரெண்டு என்னோடது, எந்த எட்டு இவனோடதுன்னு நட்டு நட்டாவா பிரிச்சு வாங்கினேன்? அந்தப் பிள்ள மேல எரக்கப்பட்டுத்தான் காபி குடுத்தேன். எரக்கப்பட்டா போதுமா, துணி தொங்கற வரைக்கும் பொறுக்க வேணாமா." குழவியில் ஏறிய மாவை வழித்துவிட்டு எழுந்தாள். "தம்பி, வா. போய்ட்டு வந்துடுவோம்."

நாராயணஸ்வாமி வரவில்லை. மாவு வழிக்க வேண்டும், அரிசி போட வேண்டும் என்றார். அது உண்மைதான்.

மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு. ஜெஸ்ஸி கதவைத் திறந்ததுமே முகம் மலர்ந்து, உள்ளே வாங்க அக்கா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சுவரில் மாதா படத்தின் கீழ் சின்ன விளக்கு எரிந்தது. ஆண்டனி கட்டிலில் தலையணைமேல் கையை வைத்துச் சாய்ந்திருந்தான். கம்பெனி சூப்பர்வைசர் பேசினாராம். திங்கட்கிழமை வந்தால் உட்கார்ந்து லேபிள் சரிபார்க்கிற வேலை தருகிறேன், வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்றாராம். வண்டி ஓட்ட முடியாது. இங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் எட்டு மணிக் கேட்டைப் பிடிக்க முடியாது. ஆண்டனி இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். வேதவல்லி உட்காரவில்லை.

"ஆண்டனி, நீங்க பள்ளத்துனால விழலை."

தண்டபாணி ஒரு அடி முன்னால் வந்தான். நட்டை இறுக்காமல் விட்டுப் போனவன் நான் என்றான். அவன் முடிப்பதற்குள் வேதவல்லி சொன்னாள். துணி தொங்கவில்லை, தெரிந்தும் காபியைக் கொடுத்தவள் நான், அதனால்தான் நீங்கள் வண்டியை எடுத்தீர்கள் என்றாள். அவன் மறுபடியும் தன் தவறு என்றான். அவள் இல்லை என்றாள். ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துப் போட்டுக்கொள்வதுபோல இருவரும் அந்தக் குற்றத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

முதலில் பேசியவள் ஜெஸ்ஸி.

"காலைல உங்க கையைப் பிடிச்சு அழுதேன். அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருக்கணும்."

"சர்ச் பாதர்கிட்ட வரைக்கும் சொல்லிட்டேன். கடவுள் அனுப்பிச்ச மனுஷங்கன்னு." அவள் மேலே பேச முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஆண்டனி கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் வேதவல்லிக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைசியில் அவன் காலைத் தரையில் ஊன்றி எழுந்தான். வண்டியைக் கீழே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், சரி பண்ணு என்றான் தண்டபாணியிடம். நொண்டியபடி அவனே முன்னால் படி இறங்கினான்.

இருட்டத் தொடங்கியிருந்தது. தூறல் விடவில்லை. தண்டபாணி வேனிலிருந்து விளக்கை எடுத்துத் தொங்கவிட்டு, வளைந்த அச்சைக் கழற்றிப் புதியது போட்டான். சக்கரம் ஆடாமல் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. வேதவல்லி ஈரத்தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் டயரைப் பிடித்துக்கொண்டாள். நட்டு ஏறியது. தண்டபாணி நெடிய ஸ்பேனரைப் போட்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து இறுக்கினான்.

"இன்னொரு தடவை" என்றான் ஆண்டனி.

தண்டபாணி இறுக்கினான். அது நகரவில்லை.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறையும் இறுக்கினான். யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்தச் சமயத்தில் சந்தின் முனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நாராயணஸ்வாமி வந்து இறங்கினார். மாவு வழித்த கை காயக்கூட இல்லை. குடையை விரித்தார். மனைவி நனைந்துகொண்டு தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஆனால் குடையை ஆண்டனியின் தலைக்கு மேல் பிடித்தார்.

"சொல்லியாச்சா?" என்று கேட்டார் வேதவல்லியிடம். அவள் தலையசைத்தாள். அவர் ஆண்டனியின் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கெழமலேர்ந்து நான் கொண்டுவிடறேன் தம்பி, கம்பெனி கேட்டு வரைக்கும். கட்டுப் பிரிக்கற மட்டும்."

ஆண்டனி முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தான். "அந்த நேரத்துலதான உங்க கடைல கூட்டம். தோசைக்கல்லுல யாரு நிப்பாங்க?"

"இவ நிப்பா. இவ தோச கொஞ்சம் மொத்தமா வரும். தின்னுட்டுப் போறாங்க."

மாடிப்படியில் ஜெஸ்ஸி வந்து நின்றிருந்தாள். ஆண்டனி திரும்பி அவளைப் பார்த்தான். அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த துண்டைக் கீழே வேதவல்லியிடம் நீட்டினாள், தலை துவட்டிக்கொள்ள. வேதவல்லி இரண்டு கையும் கரியாக இருக்கிறது என்று தயங்கினாள். ஜெஸ்ஸி இறங்கி வந்து, துண்டை அவள் தலையில் போட்டுவிட்டு, திரும்பி மேலே போனாள்.

"ஆறேமுக்காலுக்கு வந்துடணும்" என்றான் ஆண்டனி. "லேட்டானா அரை நாள் போயிடும்."

"ஹவ்" என்றார் நாராயணஸ்வாமி.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ஆண்டனி இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினான். ஒவ்வொரு படியிலும் அவன் நின்று மூச்சு வாங்குவது கீழே கேட்டது. நாராயணஸ்வாமி குடையோடு இரண்டு படி பின்னால், தொடாமல், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் ஏறிப் போனார். தண்டபாணி விளக்கை அணைக்கவில்லை. மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அதைப் படியின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றான்.